பூனை ஒதுங்கிய மீன்

சாரல் தென்காசிக்குள்ளேயே இறங்கியிருந்த ஆனி மாதத்துக் காலை. ஆவுடைநாயகம் குளிக்கப் பின்கட்டுக்குப் போனபோது, துவைகல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைச் சுற்றி ஒரு பூனை நடந்துகொண்டிருந்தது. வாளியின் விளிம்பில் மூக்கை வைத்தது. சட்டென்று தலையை உதறிக்கொண்டு பின்வாங்கி, மதில்மேல் தாவி, திரும்பிப் பாராமல் போய்விட்டது.

அவர் வாளியைத் தூக்கினார். கறுப்புப் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள்ளும் கண்ணாடிபோல் ஒன்று. ஈரத்துணியில் சுற்றிய நீளமான ஏதோ உள்ளே கிடந்தது. துணியின் ஓரத்தில் சிவந்த வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது கோபமல்ல, பயம். யாராவது பார்த்துவிட்டார்களா என்று அடுத்த வீட்டு மாடியைத்தான் அவர் கண் தேடியது.

மூன்று தலைமுறையாக முட்டை ஓடுகூட விழாத வீடு அது. கோவில் திருநாளில் பரிவட்டம் கட்டி நிற்கிற குடும்பம். முன்னறைச் சுவரில், பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள், ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்களைக் கிளைகிளையாக எழுதிய கொடிவழி மரம் தொங்கியது. அந்த மரத்தின் கீழ் உட்கார்ந்துதான் அவர் யாரோடும் பேசுவார்.

அவருடைய ஒரே மகள் சண்முகப்பிரியா தூத்துக்குடியில் ஆராய்ச்சி செய்கிறாள். கடல் மீன்களில் எது எதற்கு உறவு, எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை. உறவினர்கள் கேட்டால் அவர் "கடல் ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லுவார். கடலில் என்ன என்று மேலும் கேட்டால், "கடல்னா கடல்தான்" என்று முடித்துவிடுவார். மீன் என்ற அந்த இரண்டெழுத்துச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

நேற்று மாலை பிரியா வந்திருந்தாள். இன்று மதியம் செங்கோட்டையில் ரயில் பிடித்துக் கேரளாவுக்குப் போகவேண்டும் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தாய் மங்களேஸ்வரி, கிருத்திகை என்று விடியும் முன்னே பண்பொழி மலை முருகன் கோவிலுக்குப் போய்விட்டாள்.

ஆவுடைநாயகம் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. பிள்ளை தின்னப் பழகிவிட்டாள். வெளியூரில் பழகி, இப்போது வீடுவரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை சண்முகநாதன் தன் மகனுக்குப் பெண் பார்க்க வருகிறார். மகளை எழுப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

மீனைக் கண்டு ஒதுங்குகிற பூனை உண்டா என்று யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

பின்வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. இலஞ்சித் தோப்பைக் காவல் காக்கிற பேச்சிமுத்து தேங்காய் இறக்க வந்திருந்தான்.

"பேச்சிமுத்து, இங்க வாலே."

"ஐயா."

"இதைக் கொண்டு போயி கண்காணாத இடத்துல போட்டுரு. எந்த வீட்டுலேருந்துன்னு மூச்சு விடக் கூடாது."

பேச்சிமுத்து பையைத் தூக்கிப் பார்த்தான். கனமும் வடிவமும் கைக்குத் தெரிந்துவிட்டன. கண் ஒரு தரம் அகன்றது. "ஐயா, இது வந்து…"

"கேக்காதன்னேன்லா."

"நான் ஒண்ணுமே கேக்கல ஐயா. பாக்கவும் இல்ல."

அவன் அதைத் தூக்கி எறியமாட்டான் என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். இவ்வளவு பெரிய மீனை எந்தக் காவல்காரன் ஆற்றில் போடுவான்? தின்னட்டும், நம் வாசலைத் தாண்டினால் போதும் என்று நினைத்தார். வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். தலைமுழுகினார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு சீரானது.

பிரியா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வாளியை உருட்டும் சத்தம். பிறகு ஓட்டமாக வந்தாள்.

"அப்பா, பின்னால ஒரு கறுப்புப் பை இருந்துச்சே?"

அவர் செய்தித்தாளை இறக்கவில்லை. "இந்த வீட்டுல இருக்கக் கூடாததை இந்த வீட்டுல தேடாத."

"அப்பா, எங்க அது?"

"வெள்ளிக்கிழமை மனுசங்க வாராங்க. உனக்கு வெளிய என்ன பழக்கம் வந்திருந்தாலும்…"

"பழக்கமா?" அவள் குரல் உடைந்தது. "அப்பா, அது திங்கிற மீன் இல்ல. கெடாம இருக்கப் பார்மலின் மருந்துல ஊறப்போட்ட மீன். விஷம். எங்க போட்டிய?"

செய்தித்தாள் தானாக மடிந்தது.

"பேச்சிமுத்துகிட்ட குடுத்தேன்."

"எறியவா, திங்கவா?"

அவர் மடிந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

காரை அவள்தான் ஓட்டினாள். ஒரு கையால் பேச்சிமுத்துவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பார் இல்லை.

"தின்னா என்ன ஆகும்?" என்று கேட்டார். தன் குரல் யாருடையதோபோல் கேட்டது.

"வாய், தொண்டை, குடல் எல்லாம் வெந்து புண்ணாயிரும். நெறைய உள்ள போனா உசுருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைங்கன்னா ரொம்பக் கஷ்டம்ப்பா."

"கொதிச்சா போயிராதா?"

"முழுசாப் போகாது."

"நாத்தம் தெரியாதா அவங்களுக்கு?"

"தெரியணும். மஞ்சளும் புளியும் போட்டு நல்லா அலசிட்டா ஒருவேளை தெரியாமப் போகலாம். எனக்குத் தெரியலப்பா."

பேச்சிமுத்துவுக்கு இரண்டு பிள்ளைகள். பொங்கலுக்கு வந்து காலில் விழுந்து கும்பிட்டுப் போன பிள்ளைகள். அந்த முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை, குனிந்த தலைகள்தான் வந்தன.

"இதை ஏம்மா வீட்டுக்குக் கொண்டாந்த?"

"கொச்சியில மீன் மாதிரிகளைச் சேத்து வைக்கிற காப்பகம் ஒண்ணு இருக்கு. அங்க ஒப்படைக்கப் போறேன். பயணத்துக்குத் தண்ணியை வடிச்சு, அந்த மருந்துலயே நனைச்ச துணியைச் சுத்தித்தான் கட்டணும்." சற்று நேரம் ரோட்டைப் பார்த்தே பேசினாள். "பாக்கதுக்குச் சங்கரா மீன் மாதிரியே இருக்கும். ஆனா உயிரணுவுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. அதுக்குன்னு தனியா வளையம் மாதிரி ஒரு சின்ன மரபுத்தொகுதி, பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து. அது தாய்கிட்ட இருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அந்த எழுத்தை மத்த மீனோடதுகளோட வரிசையா வச்சுப் பாத்தா, எது எதுக்குச் சொந்தம்னு மரம் போடலாம். இது சங்கராக் கிளையிலயே சேரல. வேற எங்கயோ போய்த் தனியா நிக்குது. இந்த ஒரு மீன்தான் கிடைச்சிருக்கு. எழுத்து கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. ஆனா உடம்பு இல்லாத எழுத்தை யாரு நம்புவா? நானே இட்டுக் கட்டுனதாத்தான் சொல்லுவாங்க."

"இதை நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"எந்த வார்த்தையில சொல்ல?" என்றாள் பிரியா.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோப்பில் பேச்சிமுத்து இல்லை. காவல் குடிசைக்குள் அவனுடைய கைப்பேசி மணியடித்துக் கொண்டிருந்தது. எதிரே டீக்கடை. ஆவுடைநாயகம் இறங்கிப் போனார். அந்தக் கடையில் அவர் கால் வைத்ததே இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"பேச்சிமுத்தைப் பாத்தீரா? கையில ஒரு பை வச்சிருந்திருப்பான்."

"என்ன பை அண்ணாச்சி?"

"ஒரு… கறுப்புப் பை."

"தேங்காய்ப் பையா?"

காரிலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "மீன்" என்றார். அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்போல அவருக்குக் காது சுட்டது.

"ஆமா, மீன் வச்சிருந்தான். அவன் அக்கா முப்பிடாதியம்மா அஞ்சருவி ரோட்டுல டூர் வேன்காரங்களுக்குச் சமைக்கால்லா, அவகிட்ட குடுக்கப் போறேன்னான். ஏதோ பெரிய வீட்டு மீனாம். எந்த வீடுன்னு எம்புட்டோ கேட்டுப் பாத்தோம், சொல்ல மாட்டேன்னுட்டான்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். ஆவுடைநாயகம் வேகமாகக் காருக்குத் திரும்பினார்.

ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று பயந்திருந்தது, இப்போது ஒரு வேன் நிறைய மனிதர்கள் என்றாகிவிட்டது.

குற்றாலத்து ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. சீசன் கூட்டம். சிப்ஸ் கடைகளின் எண்ணெய்ப் புகையும் சாரலும் கலந்து கண்ணாடியில் வழிந்தன. ஈரத் துண்டோடு ஆட்கள் வண்டிகளுக்கு நடுவே நடந்துபோனார்கள். அவர்களில் யார் வயிற்றில் அது இறங்கப் போகிறது என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி! எங்க இப்படி ஓடுதிய?"

ஸ்கூட்டரில் சண்முகநாதன். அருவியில் குளிக்கப் புறப்பட்டவர். தோளில் துண்டு, முன்னால் எண்ணெய்ப் பாட்டில். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இவர்.

"ஒரு அவசரம். அஞ்சருவிப் பக்கம். கோவில் காரியம்" என்றார் ஆவுடைநாயகம். வாயில் வந்த பொய் அதுதான்.

"கோவில் காரியமா? அப்ப நானும் வாரேன். ஏறுங்க."

மறுக்க நேரமில்லை. பின்னால் ஏறிக்கொண்டார். சந்துகளில் புகுந்து ஸ்கூட்டர் ஏறியது. சண்முகநாதன் வழியெல்லாம் எந்தச் சன்னதி, என்ன திருப்பணி என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஐந்தருவி ரோட்டோரம் மரங்களுக்கு அடியில் பச்சை நிற வேன் ஒன்று நின்றது. தார்ப்பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், முன்வரிசை முழுக்கக் குழந்தைகள். பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் பெரிய சருவச்சட்டி. முப்பிடாதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். "இந்த ஈர விறகுப் புகை கண்ணைப் பிடுங்குதே" என்று யாரிடமோ சொன்னாள். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"யாரும் சாப்பிடாதிய! இலையை விட்டு எந்திரிங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். திருநீறும் உருத்திராட்சமும் நனைந்த வேட்டியுமாக ஒரு பெரியவர். வேன்காரர்களில் ஒருவன் சிரித்தான். "வந்துட்டாருய்யா சைவச் சாமியாரு. இது என்ன உம்ம கோவில் வாசலா? காட்டுல கூட மீன் திங்கக் கூடாதா?"

"அதுக்கில்லய்யா, அந்தக் கொழம்புல விஷம் இருக்கு."

"ஆமா, மீனே விஷந்தான் உங்களுக்கு. போம்வே, பிள்ளைங்க பசியில இருக்கு. அக்கா, நீ ஊத்து."

முப்பிடாதியம்மாள் கரண்டியைத் தூக்கினாள். முதல் இலையில் ஒரு பெண்குழந்தை, சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

அவருடைய தோற்றமே அவருக்கு எதிரியாக நின்றது. வாழ்நாளெல்லாம் எந்தக் கோலத்தைக் கண்டதும் ஊர் எழுந்து நின்றதோ, அந்தக் கோலத்தினாலேயே இங்கே ஒருவரும் நம்பவில்லை. நம்ப வைக்க ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. பின்னால் சண்முகநாதன் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"அது எங்க வீட்டு மீன்!" என்று கத்தினார் ஆவுடைநாயகம். "தென்காசி ஆவுடைநாயகம் வீட்டு மீன்! பேச்சிமுத்து கொண்டாந்த மீன் எங்க வீட்டுல இருந்து வந்தது! என் மக ஆராய்ச்சிக்கு விஷ மருந்துல போட்டு வச்சிருந்தா. நான்தான் தெரியாம எடுத்துக் குடுத்தேன்!"

கரண்டி நடுவில் நின்றது. ஆனால் யாரோ மறுபடி சிரித்தார்கள். "சாமி வீட்டுல மீனாம்!" அந்தச் சிரிப்பில் கரண்டி மறுபடி இறங்குவதைப் பார்த்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை. இரண்டே எட்டில் அடுப்பருகே போய், வெறுங்கையால் சருவச்சட்டியின் விளிம்பைப் பிடித்து முழுபலத்தோடு தள்ளினார். குழம்பு அடுப்பில் கவிழ்ந்து சீறியது. ஆவி எழுந்தது, அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பேச்சிமுத்து முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, நான் வீட்டுப் பேரைச் சொல்லலய்யா. சத்தியமாச் சொல்லல."

"தெரியும்லே." அவர் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "யாராவது தின்னியளா? ஒரு துண்டாவது? உம் பிள்ளைங்க எங்க?"

"அதுங்க பள்ளிக்கூடத்துல."

"வேற யாரு?"

முப்பிடாதியம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள். "நான் உப்புப் பாத்தேன்" என்றாள். "ரெண்டு தரம். மருந்து வாடை அடிச்சுது. ஐஸ் பெட்டி வாடைன்னு நெனச்சு மூணு தண்ணி அலசுனேன். அப்பவே தொண்டை எரியத்தான் செஞ்சுது. காரம்னு நெனச்சேன்."

அப்போதுதான் பிரியா ஓடிவந்து சேர்ந்தாள்.

தென்காசியில் ஒரு மருத்துவமனையில், முப்பிடாதியம்மாளைச் சேர்த்திருந்த உள்ளறைக் கதவுக்கு எதிரே ஆவுடைநாயகம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை கட்டு. வலி தெரிந்தது, ஆனால் அது தூரத்தில் யாருக்கோ இருப்பதுபோல் இருந்தது. கதவு ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் அவர் எழுந்தார். நர்ஸ் யாரையோ கூப்பிட்டுவிட்டுப் போவாள். மறுபடி உட்காருவார்.

பேச்சிமுத்து சுவரோரம் குந்தியிருந்தான். "அக்காவுக்கு மூணு பொட்டப் பிள்ளைங்க ஐயா" என்றான். குறை சொல்வதுபோல் சொல்லவில்லை. வேறு எதையும் நினைக்க முடியாமல் சொன்னான்.

அந்த எழுத்து தாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று மகள் காரில் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டுச் சுவரில் தொங்குகிற ஏழு தலைமுறை மரத்தில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் பெயரை எந்தச் சுவரிலும் யாரும் எழுதப் போவதில்லை. ஆனால் அவள் எழுந்து வராவிட்டால், தன் வீட்டு மரத்தின் ஒவ்வொரு பெயரும் பதில் சொல்லவேண்டும். முருகா, அவள் எழுந்து வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். மங்களேஸ்வரி இந்நேரம் மலையில் அதே முருகனிடம், வெள்ளிக்கிழமை நல்லபடி முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பாள்.

சண்முகநாதன் அதுவரை வராந்தாவில்தான் நின்றார். கடைசியில் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை வாரதைப் பத்தி… வீட்டுல ஒரு வார்த்தை கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்."

"கலந்துக்கிடும்" என்றார் ஆவுடைநாயகம். முதுகு நிமிர்ந்தது. "கலக்கும்போது என்ன நடந்துச்சோ அதைச் சொல்லும். எங்க வீட்டு மீனுன்னே சொல்லும். கோவில் காரியம்னு நான் உம்மகிட்ட பொய் சொன்னதையும் சேத்துச் சொல்லும்."

சண்முகநாதன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எந்த அர்த்தத்தில் ஆட்டினார் என்று தெரியவில்லை. ஆவுடைநாயகம் அவர் போவதைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். உள்ளே போனது கொஞ்சம்தான், தொண்டையில் புண் இருக்கிறது, நாளைவரை வைத்துப் பார்க்கவேண்டும், பயப்படும்படி இல்லை என்றார். பேச்சிமுத்து சுவரிலேயே தலையைச் சாய்த்து அழுதான்.

ஆவுடைநாயகம் உள்ளே போனார். முப்பிடாதியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் கட்டுப் போட்ட கையைக் காட்டித் தடுத்தார். கட்டில் ஓரமாகப் போய் நின்றார்.

அவளே பேசினாள். குரல் கரகரத்தது. "ஐயா, உங்க வீட்டு மீனுக்கு உப்பு பத்தல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. திரும்பிக்கொண்டார்.

பிரியா வெளியே காரில் இருந்தாள். மடியில் ஒரு கண்ணாடிப் புட்டி. முப்பிடாதியம்மாள் தலைகளை வேறு குழம்புக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள்; அதில் பிரியாவின் மீன் தலையும் கிடந்தது. செவுளுக்குள் நூலால் கட்டியிருந்த ஆராய்ச்சி எண் சீட்டு அறுபடவில்லை. முள்ளும் வாலும் குப்பையிலிருந்து கிடைத்தன. மருத்துவமனைக்கு எதிரே மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி ஊற்றி வைத்திருந்தாள்.

"இது போதுமா?" என்று கேட்டார்.

"போதுமான்னு தெரியலப்பா. படம் எல்லாம் இருக்கு. எண் சீட்டு இருக்கு. நடந்ததை நடந்தபடி சொல்லணும். ஏத்துக்கிட்டா உண்டு."

"என்ன நடந்துச்சுன்னு அவங்க கேட்டா நான் வந்து சொல்லுதேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஏறுவதற்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் மங்களேஸ்வரி விபூதிப் பிரசாதத்தோடு நின்றாள். ஊர் முழுக்கப் பேச்சு அதற்குள் பரவியிருந்தது; அவள் முகத்திலேயே தெரிந்தது. பிரியா புட்டியோடு பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குத் திரும்பினாள்.

"ஏட்டி, எங்க போற?" என்றார் ஆவுடைநாயகம். "முன்வாசல் வழியா வா. முன்னறையில வை."

"என்னங்க, முன்னறையிலயா?" என்றாள் மங்களேஸ்வரி.

"எல்லாரும் பாக்கிற இடத்துல இருக்கட்டும். ஒளிச்சு வச்சதுதான் இம்புட்டுக்கும் காரணம்." அவர் கொடிவழி மரத்துக்குக் கீழே இருந்த மேசையைக் காட்டினார். "பிரியா, ஒரு தாள் எடு. எனக்குக் கையில பேனா பிடிக்க முடியாது. நீ எழுது. 'இது மீன். விஷம். தொடாதே.'"

அவள் எழுதினாள்.

"மீனுங்கிறதைப் பெருசா எழுது. அந்த முதல் வார்த்தை வாசல்ல இருந்தே தெரியணும்."

தாளை ஒட்டிய பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நாற்காலியைக் காலால் புட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தோள் விறைத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் பூனை வந்தது. வாசற்படியில் நின்று உள்ளே மூக்கை நீட்டியது. தலையை உதறியது. பின்வாங்கியது.

இந்தத் தடவை அவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.